சரத்காலமும் சாரதா என்னும் பெயரும்

ஊர்ப்பெயர்களை ஆராய்ந்தோர் எம்மவருட் பலர். அரசர் பெயர்களையும் பட்டப்பெயர்களையும் ஆராய்ந்தோரும் பலர். வீட்டில் நாள்தோறும் நூறு முறை அழைக்கப்படும் பெண்மக்கள் பெயரை ஆராய்ந்தோர் மிகச் சிலரே. இத்தனைக்கும் பெண்பாற் பெயர்களை அறிதற்கு யாழ்ப்பாணத்தார்க்கு வாய்த்துள்ள கருவிகள் பிறநாட்டார் பலர்க்கு வாய்த்தில. ஒல்லாந்தர் 1707 ஆம் ஆண்டளவில் தொகுப்பித்த தேசவழமையின்படி சீதனம் பெண்ணுக்கே உரிய உடைமை. ஆகலின், காணி உறுதிகளிலே தாயின் பெயரும் மகளின் பெயரும் தவறாது எழுதப்பட்டு வந்தன. பழைய குடும்பமொன்றின் பெட்டகத்தைத் திறந்து, அதிலுள்ள உறுதிகளை ஆண்டு முறைப்படி அடுக்கி வைப்பின், மூன்று நான்கு தலைமுறைப் பெண்களின் பெயர்கள் ஒருங்கே கண்முன் நிற்கும்.

யாம் எம் உறவினர் வீடொன்றிலே ஒருமுறை அவ்வாறு அடுக்கிப் பார்த்தோம். அடியிற் கிடந்த, நொத்தாரிசின் கையெழுத்து மங்கிப்போன உறுதிகளிலே வள்ளி, சின்னாச்சி, மாரி என்பன போன்ற பெயர்கள் காணப்பட்டன. அவற்றின்மேல் விசாலாட்சி, சிவகாமி, தையல்நாயகி. அதற்கும் மேல் செல்லம்மா, பொன்னம்மா, தங்கம்மா. எல்லாவற்றிற்கும் மேலாக, தட்டச்சிற் பொறிக்கப்பட்ட உறுதிகளிலே சரஸ்வதி, கமலாம்பிகை, மகேஸ்வரி. இவற்றிடையே ஒரேயொரு சாரதா. அடியில் ஒரு மாரியும் உச்சியில் ஒரு சாரதாவும் இருந்தமை அன்று எமக்கு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. பின்னர் எண்ணிப் பார்த்தபோதே, அக்கட்டிலிருந்த அத்தனை பெயர்களுள்ளும் பருவத்தின் பெயர் தாங்கியவை அவ்விரண்டுமே என்பதும், இரண்டும் ஏறத்தாழ ஒரே மாதங்களைக் குறிப்பன என்பதும் புலனாயின. இக்கட்டுரை எழுந்ததற்கு அதுவே காரணம்.

சாரதா என்பதன் பொருள் யாது என வினவின், பெரும்பாலோர் 'கல்வித் தெய்வத்தின் பெயர்' என்பர். அது பிழையன்று. ஆயின் அப்பெயர் யாருக்குரியது என்பதற்கே அது விடையாகும். பெயரின் பொருள் அதனால் விளங்காது. வாணி என்றாற் சொல் என்பது பொருள். கலைமகள், நாமகள் என்பவற்றின் பொருள் வெளிப்படை. சாரதா என்பதோ சரத் என்னும் பருவத்தைச் சார்ந்தவள் எனப் பொருள்படுவது. கல்வித் தெய்வத்துக்கு ஒரு பருவத்தின் பெயர் அமைந்தவாறு எங்ஙனம் என்பது முதல் வினா. அப்பருவமே இல்லாத யாழ்ப்பாணத்திற்கு அப்பெயர் வந்தவாறு எங்ஙனம் என்பது அடுத்த வினா.

வடநூலார் ஆண்டினை வசந்தம், கிரீஷ்மம், வர்ஷம், சரத், ஹேமந்தம், சிசிரம் என ஆறாகப் பகுப்பர். தமிழ் நூலாரும் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறே கூறினர். சரத்துக்கு நேராக நிற்பது கூதிர். அதற்குரிய திங்கள்கள் ஐப்பசியும் கார்த்திகையும். கணக்கு இவ்வாறு ஒத்துச் செல்லினும் காட்சி ஒத்துச் செல்லவில்லை. வடநாட்டிலே சரத் என்பது மழை ஓய்ந்த காலம். வானம் கழுவி விட்டாற்போல் தெளியும். ஆற்றுக் கலங்கல் அடங்கும். நாணற்பூ வெண்மையாய் விரியும். அன்னங்கள் மீண்டு வரும். திங்களின் ஒளி ஆண்டிலேயே மிக்குத் தோன்றும். சேறு உலர்ந்து வழி திறத்தலின் மன்னர் படையெடுத்துச் செல்வதும் இப்பருவத்திலேயே. இரகுவின் திக்குவிசயத்தைக் காளிதாசன் இப்பருவத்தில் தொடங்கிவைத்தான். தன் இருதுசங்காரத்தில் இப்பருவத்தைப் புதுமணப் பெண்ணாகக் கண்டான். வேதகாலத்தார் ஒருவரது வாழ்நாளைச் சரத்துக்களால் எண்ணினர். நூறாண்டு என்பதற்கு நூறு சரத்து என்றனர். இத்துணைச் சிறப்புடைய பருவத்தின் பெயரைப் பெண்ணுக்கு இட எவர்தாம் விரும்பார்?

தமிழ்நாட்டுக் கூதிரோ வேறு. வடகீழ்ப் பருவக்காற்று மழையோடு இறங்கும் காலம் அது. நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டுவது அக்காலத்தையே: குளிரில் ஒடுங்கும் ஆயரும் கால்நடையும், அரண்மனையுள்ளே கணவனைப் பிரிந்திருக்கும் அரசி, பாசறையிலே துயிலாத அரசன். பிரிவும் நடுக்கமும் நிறைந்த பருவத்தைப் பாடலாம். மகளுக்குப் பெயராக இடுதல் அரிது. கூதிர் என்றோ வாடை என்றோ பெயர்பெற்ற பெண்ணை யாம் எந்நூலிலும் கண்டிலேம்.

தமிழிற் பருவத்தால் பெயர்பெற்ற பழைய பெண் யாரெனத் தேடின், சிலப்பதிகாரத்து வசந்தமாலை முன்னிற்பாள். மாதவியின் தோழியாகிய இவள், பிரிந்த கோவலனுக்கு மாதவி எழுதிய ஓலையைக் கொண்டு சென்றவள். அந்நிகழ்ச்சி வரும் காதைக்கு வேனிற்காதை என்று பெயர். இளவேனில் வந்தமை கூறும் காதையிலே வசந்தத்தின் பெயருடையாள் தூது போகின்றாள். இதனை ஆசிரியர் எண்ணியே செய்தார் எனக் கருத இடமுண்டு. மணிமேகலையிலும் இவள் வருகின்றாள். இற்றை யாழ்ப்பாணத்து வசந்தமாலாக்கள் தம் பெயருக்கு இத்துணைப் பழமை உண்டென அறிவரோ, அறியேம். வசந்தா, வசந்தி, வசந்தமலர், வசந்தகுமாரி என அப்பெயர் எம்மிடையே கிளைத்துப் பெருகியமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. எம் கோயில்களில் உற்சவமூர்த்தி எழுந்தருளியிருக்கும் இடம் வசந்த மண்டபம். திருவிழாக் காலத்தில் வசந்த மண்டபப் பூசை கண்ட பின்னரே சுவாமி வீதியுலா வரும். சித்திரை வெயிலிற் கிணற்று நீர் அடி காணும் நாட்டிலே வசந்தம் என்னும் சொல் இனித்ததற்குக் காரணம் வானிலையன்று; கோயிலே என்பது எம் கருத்து. சாரதா என்னும் பெயரும் இவ்வாறே வந்தது என்பதைப் பின்னர்க் காட்டுவாம்.

ஏனைப் பருவங்கள் எமக்குப் பெண் பெயரைத் தந்தில. ஹேமா என்பது பொன்னைக் குறிக்கும் சொல். பனிக்காலமாகிய ஹேமந்தத்தோடு அதற்குத் தொடர்பில்லை. கார்த்திகா, சித்திரா என்பன விண்மீனின் பெயர்கள். ஈண்டு எம் அயலவராகிய சிங்கள மக்களின் வழக்கு ஒப்புநோக்கத்தக்கது. சரத், வசந்த, ஹேமந்த, சிசிர ஆகிய நான்கும் அவர்களிடத்து ஆண்மக்கள் பெயர்கள். அவற்றுள்ளும் சரத் என்பது தெருவுக்கு ஒருவர் எனத்தக்க அளவு பெருவழக்கு. நாடகப் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர (1914–1996) பிறந்தபோது பெற்ற பெயர் ஆங்கிலமும் போர்த்துக்கீசமும் கலந்தது. அதனைக் களைந்துவிட்டு, சரத்காலத்துச் சந்திரன் எனப் பொருள்படும் பெயரை அவர் தாமே மேற்கொண்டார். ஒரே தீவில், ஒரே வடசொல், ஓரினத்தாரிடம் ஆணாகவும் மற்றோரினத்தாரிடம் பெண்ணாகவும் வழங்குகின்றது. சிங்களவர் பருவத்தின் பெயரை நேரே எடுத்தனர். தமிழர் அதனைத் தெய்வத்தின் வழியாகப் பெற்றனர் என்பதே வேறுபாட்டிற்குக் காரணமாகலாம்.

இனி, அத்தெய்வத்தின் வரலாற்றிற்கு வருவாம். கல்வித் தெய்வத்தின் பெயர்களைத் தொகுத்த அமரகோசம் பிராமி, பாரதி, வாணி, சரஸ்வதி முதலியவற்றைக் கூறிச் சாரதா என்பதைக் கூறாது விடுத்தது. அப்பெயர் சிறப்புற்ற இடம் காசுமீரம். கிஷன்கங்கை ஆற்றங்கரையிலே, மலைகளுக்கிடையில், சாரதா பீடம் என்னும் பழம்பதி இருந்தது. 1030 ஆம் ஆண்டையொட்டி இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி, தலைநகரிலிருந்து இரண்டு மூன்று நாட் பயணத்தில் சாரதா எனப்படும் மரத்தாலாய திருவுருவம் ஒன்று உண்டென்றும், யாத்திரிகர் பலர் அங்குச் செல்வரென்றும் குறித்துள்ளார். காசுமீர நாட்டுக்கே சாரதா தேசம் என்று பெயர். அந்நாட்டு எழுத்துக்குச் சாரதா லிபி என்று பெயர். கல்வியிற் சிறந்த நாட்டின் காவல் தெய்வம் கல்வியின் தெய்வமாகவே கொள்ளப்பட்டமை இயல்பு. அந்நாட்டுப் புலவனாகிய பில்கணன் பதினோராம் நூற்றாண்டில் தெற்கே வந்து, கலியாணத்திலிருந்த சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தனின் அவையை அடைந்தான். தன் காவியத்திலே தன் பிறந்தகத்தை அவன் சாரதையின் பெயராலேயே குறித்தான். பனிமலைப் பீடத்தின் பெயர் தக்கணம் வரை வந்தமைக்கு அப்புலவன் ஒரு சான்று. அப்பழைய பீடம் இன்று இடிபாடாய்ப் பாக்கித்தானின் ஆட்சிக்குட்பட்ட பகுதியிற் கிடக்கின்றது.

தென்னாட்டில் அப்பெயர் வேரூன்றிய இடம் துங்கபத்திரையின் கிளையாகிய துங்கை ஆற்றங்கரைச் சிருங்கேரி. சங்கரர் அங்கே சாரதாம்பாளைச் சந்தனத் திருவுருவிற் பிரதிட்டை செய்தார் என்பதும், பதினான்காம் நூற்றாண்டில் வித்தியாரணியர் பொன்னாலாய திருவுருவை அமைத்தார் என்பதும் மடத்து மரபு. தென்னாட்டுப் பிள்ளைகள் சாரதையை வணங்கும் வடமொழித் துதியொன்றிலே அவள் காசுமீரத்தில் உறைபவளாகவே கூறப்படுகின்றாள். பிறந்தகத்தை மறவாத பெயர் அது.

பருவத்துக்கும் தெய்வத்துக்கும் உள்ள தொடர்பு நவராத்திரியாற் பெறப்படும். ஆண்டில் நவராத்திரி ஒன்றுக்கு மேற்பட்டது. சித்திரையையொட்டி வருவது வசந்த நவராத்திரி. புரட்டாதி, ஐப்பசியில் வருவது சாரத நவராத்திரி. எம்மவர் கொண்டாடுவது பின்னையது. சரத்காலத்து ஆண்டுதோறும் செய்யப்படும் பெரும்பூசையைத் தேவி மாகாத்மியமே குறிப்பிடுகின்றது. வங்காளத்திலே இதற்கு வேறொரு கதை வழங்கும். தேவியை வழிபடுதற்குரிய காலம் வசந்தமே. சரத்காலம் தேவர் துயிலும் காலம். இராமபிரான் இலங்கையில் இராவணனை வெல்லும்பொருட்டுக் காலமல்லாக் காலத்தில் தேவியைத் துயிலெழுப்பிப் பூசித்தான்; அதனால் சரத்காலப் பூசை தோன்றிற்று என்பர். வான்மீகியிற் காணப்படாத இக்கதையைப் பதினைந்தாம் நூற்றாண்டில் கிருத்திவாசர் தம் வங்க இராமாயணத்தில் விரித்துரைத்தார். சரத்காலத்தில் எழுப்பப்பட்டமையாற் சாரதா எனப் பெயர்பெற்றாள் என விளக்குவாரும் உளர். இவ்விளக்கத்தை ஏற்பின், அப்பெயருக்குக் களம் இலங்கையாகிவிடுகின்றது! வரலாற்று நோக்கில் இதற்கு வலிமையில்லை. கேட்பதற்கு இனிது என்பதோடு நிறுத்துவாம்.

இவ்விடத்து ஒரு தடையை மறையாது கூறுதல் வேண்டும். வடமொழி இலக்கணப்படி, சரத் என்னும் பருவப் பெயரிலிருந்து 'அதனைச் சார்ந்தவள்' என்னும் பொருளில் வரவேண்டிய வடிவம் சாரதீ என்பதே. ஈகாரம் வரவேண்டிய இடத்தில் ஆகாரம் நிற்பது ஏன்? இதனைக் கொண்டு, சாரதா என்பது பருவப்பெயரன்று, சாரத்தைத் தருபவள் என்னும் பொருளில் 'ஸாரதா' என வந்ததே என்று வாதிப்பர் சிலர். வடமொழியில் இவை இரு வேறு சொற்கள். ஒன்று தாலவிய சகரத்தை முதலாக உடையது. மற்றொன்று பல்லின் இடத்துப் பிறக்கும் ஸகரத்தை முதலாக உடையது. காசுமீரத்தும் சிருங்கேரியிலும் வழங்குவது முன்னையது. ஆகலின், பீடத்தின் பெயரைச் சாரம் தருபவள் எனக் கொள்ளுதல் எழுத்திலக்கணத்துக்கு ஒவ்வாது. தெய்வப் பெயர்கள் இலக்கண விதியைக் கடந்து நிலைபெறுதல் புதிதுமன்று. நிற்க, விதிப்படி சாரதீ என்றே வந்திருப்பின், அது தமிழிற் குறுகிச் 'சாரதி' என்றாகியிருக்கும். இலங்கைத் தமிழில் இன்று சாரதி என்பார் வாகனம் ஓட்டுபவர். விதி வழுவியது எம் பெண்மக்களின் நற்பேறு.

ஆயினும் இரண்டாவது சொல்லை முற்றாக ஒதுக்கவும் இயலாது. ஏனெனில், யாழ்ப்பாணத்தில் இப்பெயரைப் பரப்பியவருட் பெரும்பங்கு உடையார் அதனைத் தாங்கியவரே. 1853 ஆம் ஆண்டு டிசெம்பர் 22 ஆம் நாள் வங்காளத்துச் செயராம்பாடியிற் பிறந்து, இராமகிருஷ்ண பரமஹம்சரின் துணைவியாகி, 1920 ஆம் ஆண்டு சூலையில் மறைந்த அன்னையாரின் பெயர் வங்க எழுத்தில் ஸகரத்தையே முதலாக உடையது. அவருக்குத் தாயார் இட எண்ணிய பெயர் க்ஷேமங்கரி என்றும், சாரதா என்னும் மகளை அண்மையில் இழந்திருந்த தாயாரின் உடன்பிறந்தாள், அப்பெயரையே இக்குழந்தைக்கு இடுமாறு வேண்டினாள் என்றும், அவ்வாறாயின் இறந்த மகளே இவ்வுருவில் வந்தாளெனத் தேறலாம் என்றாள் என்றும் வரலாற்று நூல்கள் கூறும். ஆகவே அவ்வன்னையார் பெயரில் பருவமும் இல்லை, பீடமும் இல்லை. இறந்த குழந்தையொன்றின் நினைவே உண்டு. தமிழ் எழுத்திலோ இரண்டிற்கும் ஒரே சகரம். சிருங்கேரியை நினைந்து பெயரிட்ட தந்தையும், தட்சிணேசுவரத்தை நினைந்து பெயரிட்ட தந்தையும் பிறப்புப் பதிவிற் சாரதா என்றே எழுதுவித்தனர். எந்தச் சாரதா என்பதை எழுத்தைக் கொண்டு அறிதல் இயலாது. தந்தையின் நூலடுக்கைப் பார்த்தே அறிதல் வேண்டும்.

இப்பெயர் தமிழுக்கு வந்த காலத்தை ஒருவாறு துணிதற்குப் பவணந்தி முனிவர் துணைசெய்வார். வடமொழி ஆகார ஈறு தமிழில் ஐகாரமாதல் நன்னூல் கூறும் விதி. சீதா சீதையானாள், கங்கா கங்கையானாள், ராதா ராதையானாள். சிலப்பதிகாரத்து வசந்தமாலையும் அவ்விதிக்குள் அடங்கியவளே. சாரதா என்பதும் செய்யுளிற் சாரதை என வருவதுண்டு. ஆயின் எந்தத் தாயும் தன் மகளைச் 'சாரதை' என்று கூப்பிடக் கேட்டிலேம். வீட்டு வழக்கு ஆகாரத்தை விடாது பற்றியிருத்தலின், இப்பெயர் செய்யுள் வழியாக வந்து தமிழ்ப்பட்டதன்று. அச்சுநூல்களும் செய்தித்தாள்களும் பெருகிய பின், வடிவம் மாறாது அப்படியே கொள்ளப்பட்டது என யாம் கருதுகின்றேம். வசந்தா, கமலா, விமலா என்பனவும் அவ்வரிசையைச் சேர்ந்தனவே.

யாழ்ப்பாணத்தின் நிலை அக்காலத்தில் எவ்வாறிருந்தது? அமெரிக்க மிஷனார் 1824 இல் உடுவிலிற் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினர். அவர்கள் பாடசாலைகளிற் பயின்ற பிள்ளைகளுட் பலர், தம்மைப் பேணப் பணம் அனுப்பிய அமெரிக்க அன்பர்களின் பெயர்களைப் பெற்றனர். ஆண்பிள்ளைகளுக்கும் இது நேர்ந்தது. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் முதலெழுத்துக்களைச் சிலர் சார்ல்ஸ் வின்ஸ்லோ என விரித்தமையும், அவரோடு 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரியாகிய விசுவநாதபிள்ளை, கறோல் என்னும் முன்பெயரால் வழங்கப்பட்டமையும் யாவரும் அறிந்தவை. கல்வி பெற வேண்டின் பெயரை விடல் வேண்டும் என்னும் நிலை அது. ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியமையும், அதன் வழிவந்த முயற்சிகளும் இந்நிலையை மாற்றின. பெண்கள் பொருட்டு சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் மருதனார்மடத்திற் கல்லூரி அமைத்தார். 1943 இல் யாழ்ப்பாணம் இந்து மகளிர் கல்லூரி தோன்றிற்று. தன் பெயரோடு பள்ளிக்குச் சென்று தன் பெயரோடு திரும்பலாம் என்ற நிலை வந்தபோது, கல்வித் தெய்வத்தின் பெயரையே இட்டுப் பள்ளிக்கு அனுப்பும் ஆர்வம் பெற்றோர்க்கு எழுந்தது. சரஸ்வதி, வாணி, பாரதி, கலைவாணி, சாரதா என்னும் பெயர்கள் வகுப்பு இடாப்புகளில் நிறைந்தமை இதன் பயன். நவராத்திரியிற் சகலகலாவல்லிமாலை ஓதுவதும், வாணி விழா எடுப்பதும், விசயதசமியிற் குழந்தைகளுக்கு ஏடு தொடக்குவதும் இன்றும் பள்ளிகளில் வழக்கிலுள்ளன. 1981 இல் எரியூட்டப்பட்டு மீள எழுந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் முன்னே இருப்பதும் அத்தெய்வத்தின் வெண்ணிறத் திருவுருவமே.

இவ்வெல்லாப் பெயர்களுள்ளும் சாரதா தொகையிற் குறைந்ததே. சரஸ்வதி பத்துக்குச் சாரதா ஒன்று எனினும் மிகையாகலாம். அது பரவிய வழியும் தனி. சுவாமி விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து மீண்டு, 1897 சனவரியிற் கொழும்பில் இறங்கி, அனுராதபுரம் வழியாக யாழ்ப்பாணம் வந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலே வேதாந்தம் பற்றி உரையாற்றினார். அவ்வாண்டு மே மாதத்திலேயே இராமகிருஷ்ண மிஷன் நிறுவப்பட்டது. அன்னை சாரதாதேவியார் 1911 இற் சென்னைக்கும் இராமேசுவரத்துக்கும் யாத்திரை வந்தார். எம் கரையிலிருந்து கடலைக் கடந்தால் அத்தலம். தோணியிலேறி அங்குச் சென்று வந்தோர் வழித்தோன்றல்கள் எம்மிடையே பலர். மானிப்பாய் இந்துக் கல்லூரியில் தலைமை தாங்கிப் பின் துறவு பூண்ட விபுலானந்த அடிகள் மிஷன் பாடசாலைகளை இந்நாட்டில் வளர்த்தார். சென்னையிலே சகோதரி சுப்புலட்சுமி (1886–1969) இளங் கைம்பெண்களைப் படிப்பித்தற்கு எடுத்த முயற்சிகள் சாரதா என்னும் பெயரையே தாங்கின. 1927 இற் சாரதா வித்தியாலயம் தோன்றிற்று. எனவே சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் மகளுக்குச் சாரதா எனப் பெயரிட்ட யாழ்ப்பாணத் தந்தை பெரும்பாலும் ஓர் ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ, மிஷன் வெளியீடுகளை வாசிப்பவராகவோ இருப்பர். பெண் படித்தல் வேண்டும் என்னும் ஒரு கொள்கை அப்பெயருள் இருந்தது.

பிறநாட்டுக் கதைகளிலும் அந்நாளில் இது புதுமைப் பெண்ணின் பெயர். மலையாளத்திற் சந்து மேனோன் 1892 இல் எழுதத் தொடங்கி முடியாது விட்ட நாவலின் பெயர் சாரதா. மராத்தியில் தேவல் 1899 இல் அரங்கேற்றிய இசைநாடகத்தின் பெயரும் சாரதா; முதியவனுக்கு மணமுடிக்கப்படவிருந்த சிறுமியின் கதை அது. முப்பதாண்டுகளின் பின் இந்தியாவிற் குழந்தை மணத்தைத் தடுக்கும் சட்டம் 1929 இல் நிறைவேறியபோது, தமிழர் அதனைச் சாரதா சட்டம் என்றனர். அந்நாடகத்துச் சிறுமியின் பெயரே சட்டத்துக்கு வந்தது என நினைத்தல் எளிது. உண்மையில் அது சட்டத்தைக் கொணர்ந்த அசுமீர் ஹரவிலாச சாரதா என்பவரின் குலப்பெயர். பின்னர்த் திரைப்படமும் இதில் தன் பங்கைச் செய்தது. கே. எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கிய 'சாரதா' 1962 இல் வெளிவந்தது. விசயகுமாரி அதில் நடித்தார். தெனாலியில் 1945 இற் பிறந்து, மும்முறை இந்திய அரசின் சிறந்த நடிகைக்கான விருது பெற்ற சாரதாவின் இயற்பெயர் சரஸ்வதிதேவி. தெய்வம் ஒன்றே, பெயர் மட்டும் இளமையடைந்தது.

இனி, உறுதிக் கட்டின் அடியிற் கிடந்த மாரிக்கு வருவாம். யாழ்ப்பாணத்து உழவர்க்கு ஆண்டில் ஆறு பருவமில்லை; கோடையும் மாரியுமே உள. காற்றை வைத்துச் சோளகம், வாடை, கொண்டல், கச்சான் எனப் பகுப்பரேயன்றி ஐப்பசியைக் கூதிர் எனக் கூறுவாரில்லை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்யும் மாரியே எம் நிலத்தடிச் சுண்ணக்கல்லில் ஊறிக் கிணறுகளை நிறைப்பது. ஆறில்லாத நாட்டுக்கு வேறு நீரில்லை. மாரித்தவளை கத்தும் அவ்விரவுகளிலேதான் வடநாட்டார் தெளிந்த வானத்தில் சரத்காலத் திங்களைக் காண்கின்றனர். மாரியம்மன் என்னும் பெயர் மழையைக் குறிப்பதோ, கொள்ளை நோயைக் குறிக்கும் வடசொல்லின் வழியதோ என்பதில் அறிஞர் ஒருமைப்பட்டிலர். ஊரார்க்கு அவ்வையமில்லை. மழை தருபவளும் அம்மை நோயைக் குளிர்விப்பவளும் அவளே. எம் உறுதியிற் கண்ட மாரி, கிணறு வழிந்தோடிய ஓர் ஐப்பசி இரவிற் பிறந்தமையால் அப்பெயர் பெற்றாள் என்று அவ்வீட்டு முதியோர் கூறக் கேட்டோம். பருவத்தை நேரே கண்டு இட்ட பெயர் அது.

அப்பெயர் ஏன் நின்றது? நாகரிகம் மாறியமை ஒரு காரணம். அதனினும் கசப்பான காரணம் ஒன்றுண்டு. ஒடுக்கப்பட்ட மக்கள் தம் பிள்ளைகளுக்கு விரும்பிய பெயரை இடவும், இட்ட பெயரை முழுமையாக வழங்கவும் பிறர் இடங்கொடாத காலம் யாழ்ப்பாணத்தில் இருந்தது. கந்தசாமி எனப் பெயரிட்டாலும் கந்தன் என்றே அழைத்தனர், பதிந்தனர். அதனால் மாரி, வள்ளி, கந்தன் போன்ற பழைய நற்பெயர்கள் தாழ்வின் அடையாளம் எனக் கருதப்பட்டு, வசதியுடையோரால் முதலிற் கைவிடப்பட்டன. பின்னர் எவரும் விரும்பாதனவாயின. 1945 இல் வந்த இலவசக் கல்வி இடாப்புகளை எல்லார்க்கும் திறந்துவிட்டது. சாரதா என்னும் பெயரில் சாதியின் சுவடில்லை. கடலுக்கப்பாலிருந்து வந்தமையால் இவ்வூர் வழக்கு அதில் ஒட்டவில்லை. யார் வீட்டிலும் அது பிறக்கலாம், யாரும் அதனைக் குறைத்துக் கூப்பிட வழியில்லை. பருவத்தை இழந்து வந்த பெயருக்கு அவ்விழப்பே ஈண்டு உதவிற்று என்பது எம் துணிபு.

சென்ற நூற்றாண்டின் எழுபதுகளுக்குப் பின் சாரதா அருகிவிட்டது. எண்சோதிடம் பார்த்து ஒலி சேர்த்துக் கட்டும் பெயர்களே இப்போது பெருவழக்கு. எம் உறுதியிற் கண்ட அம்மையார், நவராத்திரிக் காலத்திற் பிறந்தமையால் ஆசிரியராகிய தந்தையார் இட்ட பெயரோடு, இன்று கனடாவிலே பேரப்பிள்ளைகளுடன் வாழ்கின்றார். அங்கு நவராத்திரிக் கொலு வைக்கும் வேளையில் வெளியே மேப்பிள் இலைகள் சிவந்து உதிரும். பேர்த்தியின் வகுப்பிலே அப்பருவத்தின் ஆங்கிலப் பெயராகிய 'ஒட்டம்' என்பதையே பெயராகக் கொண்ட வெள்ளைக்காரச் சிறுமி ஒருத்தி உண்டாம். பாட்டியின் பெயரும் அவளுடைய பெயரும் ஒன்றோ என்று பேர்த்தி கேட்க, அவர் எம்மைத் தொலைபேசியில் அழைத்து வினவினார். ஆங்கில அகராதிகள் அவ்வாறு பெயர்ப்பினும், சரத் என்பது இலை உதிரும் காலமன்று, நம் நாட்டு மரங்கள் இலை உதிர்ப்பது பின்பனியிலேயே, சரத் மழை ஓய்ந்து வானம் வெளுக்கும் காலம் என்றேம். எங்கள் ஊரில் அது எந்த மாதம் என்றார். ஐப்பசி, கார்த்திகை என்றேம். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்ப எங்கட பூட்டியின்ரை பேரும் அதுதானே, தம்பி" என்றார்.